சக்கர நாற்காலியில் வந்த டாக்டர்

கால்கள் செயலிழந்த பிறகு, மற்றவர்களை எழுந்து உட்கார வைத்த மேரி வர்கீசின் வாழ்க்கை

இராயபுரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும்.

காசிமேட்டில் மீன் கூடைகள் தலைக்கு ஏறும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் பல மணி நேரம் இருக்கையை விட்டு இறங்காமல் காத்துக் கிடப்பார். திருவொற்றியூர் பட்டறைகளில் இரும்புத் துண்டுகளைக் குனிந்து எடுப்பதும் நிமிர்ந்து வைப்பதுமாகவே ஒரு ஷிப்டு கழியும்.

இவர்களுக்கு உடம்புதான் மூலதனம். அதில் முதலில் தேய்வது முதுகு!

வலி வந்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் தைலம். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் கட்டுப் போடுகிறவர். அதற்கு மேல் ஊசி, பெல்ட். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். கையிருப்புக் கரைந்துவிடும். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கடைசியில் ஒரு கேள்வி எழும். யாரிடம் போனால் சரியாகும்?

இது படிக்காதவர்களின் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டாக்டரே இதற்கு விடை தேடிக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அவருக்கு நேர்ந்தது வெறும் முதுகுவலி அல்ல. முதுகுத்தண்டே அடிபட்டு, இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. அவர் கண்டுபிடித்த விடை, முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

செராய் முதல் வேலூர் வரை

கொச்சிக்கு அருகே, கடலோரத்தில் உள்ள ஊர் செராய். அங்கே 1925-ம் ஆண்டு மேரி பிறந்தார்.

பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. மேரி துணிந்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு 1900-ல் அடிகோலியவர் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் மடிந்ததைப் பார்த்து, மருத்துவம் கற்று வந்தவர். அவர் வளர்த்த கல்லூரியில் படித்த மேரியும் மகப்பேறு மருத்துவத்தையே தேர்ந்தெடுத்தார். படிப்பை முடித்து, அந்தப் பிரிவில் பயிற்சி பெற்று வந்தார்.

நல்ல படிப்பு. நல்ல வேலை. வயது இருபத்தெட்டு. பாதை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மைல்கல்லில் மோதிய வண்டி

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம். வேலூர் டாக்டர்கள் சிலர் உல்லாசப் பயணமாக மோட்டார் வண்டியில் புறப்பட்டார்கள். மேரியும் அதில் இருந்தார்.

வழியில் ஒரு பஸ்ஸை முந்த முயன்றபோது, வண்டி சாலையோர மைல்கல்லில் மோதியது. கவிழ்ந்து உருண்டது.

மேரியின் முகம் கிழிந்தது. கன்னத்தில் விழுந்த வெட்டுத் தழும்பு கடைசிவரை மறையவில்லை. ஆனால் முகக் காயம் சிறிது. முதுகுக் காயம்தான் பெரிது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

நேற்றுவரை வார்டில் சுற்றி வந்த டாக்டர், இன்று அதே ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை!

முதுகுத்தண்டு என்பது மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் தந்திக் கம்பிகளின் கட்டு. கை முறிந்தால் எலும்பு கூடிவிடும். இந்தக் கம்பிக் கட்டு அறுந்துவிட்டால் மறுபடி ஒட்டுவதில்லை. இன்றைய மருத்துவத்தாலும் அது முழுதாக முடியவில்லை.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளின் கதி பரிதாபமானது. இரண்டாவது உலகப் போருக்கு முன்பு, உலகத்தின் பெரிய நாடுகளில்கூட, அவர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் பிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றது முதுகுக் காயம் அல்ல. அசையாமல் கிடந்ததால் வந்த படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் பற்றிய கிருமியும்தான்.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இந்த நிலையை மாற்றினார். நோயாளிகளைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைத்தார். உட்கார வைத்தார். பந்து விளையாடச் செய்தார், வில் பிடிக்கச் செய்தார். செத்துவிடுவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வேலைக்குப் போனார்கள். இன்று நடக்கும் பாராலிம்பிக் பந்தயங்கள் அங்கிருந்து கிளைத்தவையே.

அந்த வித்தை அப்போது நம் நாட்டில் பரவியிருக்கவில்லை.

உட்கார்ந்தபடி ஆபரேஷன்

வேலூரில் அப்போது பால் பிராண்டு என்ற கைதேர்ந்த அறுவை மருத்துவர் இருந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்களைச் செய்து உலகப் புகழ் பெற்றவர்.

நின்று செய்யும் ஆபரேஷன்கள் மேரிக்கு இனி முடியாது. ஆனால் கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே! பிராண்டு அந்த வழியைக் காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைப் பிடித்தார். தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்யத் தொடங்கினார்.

அந்த வார்டில் அவர் நுழைந்ததே ஒரு மருந்தாக இருந்தது. ஊரும் உறவும் ஒதுக்கிய நோயாளிகள் அவர்கள். தங்களைவிடக் கூடுதலாக உடல் முடங்கிய ஒருவர், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தங்களுக்கு வைத்தியம் செய்வதைப் பார்த்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் கைமீதும் நம்பிக்கை வந்தது.

இங்கேதான் மேரி ஒரு முக்கியமான பாடத்தைத் தினமும் கண்ணால் பார்த்தார்.

மடங்கிய விரலை நிமிர்த்த என்ன செய்வார்கள்? நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணைத் திருப்பி, செயலற்ற விரல்களில் பொருத்துவார்கள். சில வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் விரல் தானாக அசையாது. வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று சிறிது, நாளை சிறிது என்று பல வாரம் பழக்குவார்.

ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி! பின்பாதி இல்லாவிட்டால் முன்பாதி வீண்.

வலி என்ற காவல்காரன்

இன்னொரு பாடமும் அங்கே இருந்தது.

தொழுநோய் விரல்களைத் தானாகத் தின்பதில்லை. நரம்பு மரத்துப் போவதால் வலி தெரிவதில்லை. அடுப்பில் கை சுட்டாலும் தெரியாது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. கவனிக்காத புண்தான் விரலைக் குறைக்கிறது. வலி ஓர் எதிரி அல்ல, உடம்பைக் காக்கும் காவல்காரன் என்பதைப் பிராண்டு வாழ்நாளெல்லாம் எடுத்துக் காட்டினார்.

மேரியின் இடுப்புக்குக் கீழேயும் அந்தக் காவல்காரன் இல்லை. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, வலிக்காவிட்டாலும் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். மறந்தால் புண் வரும்.

சிலருக்கு நிலைமை நேர் எதிர். காயம் ஆறியிருக்கும். ஆனால் காவல்காரன் வாயை மூட மாட்டான். திருடன் போன பிறகும் கூச்சல் போட்டுக்கொண்டே இருப்பான். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். உலகத்தில் 2020-ம் ஆண்டுக் கணக்கின்படி, கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர்!

வலியே இல்லாத உடம்பு ஒன்று. வலி ஓயாத உடம்பு ஒன்று. இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே ஆள்: உடம்பை எப்படி நடத்துவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்.

கடல் கடந்த தேடல்

மற்றவர் கையைச் சரி செய்த மேரிக்கு, தம் உடம்பை நடத்தக் கற்றுத் தரும் ஆள் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். அங்கே அவர் டாக்டர் அல்ல, நோயாளி.

இத்தகைய மறுவாழ்வுப் பயிற்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி? தோளையும் கையையும் எப்படிப் பலப்படுத்துவது? தானாகக் குளிப்பது, உடுத்துவது எப்படி? சிறுநீரை எப்படிக் கவனிப்பது? தாங்கிகளைக் காலில் பூட்டி எழுந்து நிற்பது எப்படி? கேட்டால் சின்ன விஷயங்கள். ஆனால் பிறர் தூக்கி வைக்கும் பொம்மையாக இருப்பதற்கும், தன் வாழ்வைத் தானே நடத்துவதற்கும் இடையே இருப்பவை இவைதாம்.

பணிவிடை செய்கிறவர் தூக்கி உட்கார வைப்பார். பயிற்சி தருகிறவர் தூக்க மாட்டார். நாமே எழும்வரை அருகில் நிற்பார். முன்னவர் வேலையை எளிதாக்குகிறார். பின்னவர் நோயாளியை ஆளாக்குகிறார்.

ஒரு டாக்டருக்கே இதைக் கற்க வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. அப்படியானால் பனைமரத்திலிருந்து விழுந்தவன் என்ன செய்வான்? கிணற்றுச் சுவர் சரிந்து முதுகில் விழுந்தவன் என்ன செய்வான்? துறைமுகத்தில் மூட்டை சரிந்து நசுங்கியவன் என்ன செய்வான்? அவர்களுக்கெல்லாம் கப்பல் டிக்கெட் யார் எடுப்பது?

மேரியின் அடுத்த பயணம் இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது. நியூயார்க் நகரில் ஹோவர்ட் ரஸ்க் என்ற டாக்டர் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். போரில் காயப்பட்ட சிப்பாய்களை மீண்டும் வாழ வைத்த அனுபவத்திலிருந்து அந்தத் துறையை வளர்த்தவர் அவர். அங்கே மேரி மாணவியாகச் சேர்ந்தார். இந்த முறை போனது தமக்காக அல்ல, பிறருக்காக!

பயிற்சி முடித்து 1962-ல் வேலூருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

பாகாயத்தில் ஒரு பள்ளிக்கூடம்

ஆஸ்பத்திரி வார்டில் நாலு நாள் படுத்துவிட்டுப் போவதால் இந்த நோயாளிகளுக்குப் பயனில்லை. மாதக்கணக்கில் தங்க வேண்டும், பழக வேண்டும். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அதற்கென்றே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களில் அது இந்தியாவுக்கே முன்னோடி.

நியூயார்க்கில் படித்ததை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. அங்கே மேசை, நாற்காலி, லிப்டு. இங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குடிசை வாசலில் படி இருக்கும். தெருவில் மணல் இருக்கும். திரும்பிப் போகிறவனுக்கு வீடும் தெருவும் தெரிந்து பயிற்சி தர வேண்டும். பிழைக்க ஒரு தொழிலும் வேண்டும்.

பாகாயத்தில் உடம்புப் பயிற்சியோடு கைத்தொழில் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. கூட வந்த குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு. அதை ஆஸ்பத்திரி என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்பதே பொருந்தும். தலைமை ஆசிரியையும் சக்கர நாற்காலியில்தான் வந்தார்! முடியாது என்று எந்த மாணவனாலும் அவரிடம் சாக்குச் சொல்ல இயலாது.

அவருடைய வாழ்க்கையை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-லேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 1972-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. 1976-ல் மேரி பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1986 டிசம்பரில் காலமானார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 33 ஆண்டுகள். விபத்துக்கு முன் வாழ்ந்ததைவிட அதிகம்!

நமக்கு என்ன பாடம்?

மீண்டும் இராயபுரத்துக்கு வருவோம். மேரியின் கதை முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மட்டும் அல்ல. நாட்பட்ட வலியோடு பிஸியோதெரபிஸ்டைத் தேடும் எவருக்கும் அதில் அளவுகோல் இருக்கிறது.

முதல் அளவுகோல்: அவர் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறாரா? கூடை சுமக்கும் அம்மாவின் முதுகும், லாரி ஓட்டும் தம்பியின் முதுகும் ஒன்றல்ல. என்ன தூக்குகிறீர்கள், எத்தனை நேரம் உட்காருகிறீர்கள், எப்போது வலி கூடுகிறது என்று கேட்காமல், படுக்க வைத்து மின்சாரக் கருவியை மாட்டிவிட்டுப் போகிறவர் உங்களைப் பார்க்கவில்லை.

இரண்டாவது: உங்களை வேலை வாங்குகிறாரா? வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தந்து, அடுத்த முறை வரும்போது செய்து காட்டச் சொல்கிறாரா? உலகச் சுகாதார நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு 2023-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அது பரிந்துரைத்தது. இடுப்புப் பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. நெடுநாள் படுக்கை முதுகுக்கு நன்மை அல்ல என்பது இன்று டாக்டர்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

மூன்றாவது: முன்னேற்றத்தை அளக்கிறாரா? வலி எத்தனை என்று கேட்பது மட்டும் போதாது. போன மாதம் பத்து நிமிடம் நடந்தீர்கள், இந்த மாதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில வாரம் ஆகியும் மாற்றமில்லை என்றால், வழியை மாற்றவோ டாக்டரிடம் திருப்பி அனுப்பவோ தயங்காதவர் நல்லவர்.

நான்காவது: அவர் இல்லாமல் நீங்கள் சமாளிக்க வழி செய்கிறாரா? ஆயுள் முழுவதும் தம்மிடமே வரவேண்டும் என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, மர்ம இடங்கள் மரத்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, உயரத்திலிருந்து விழுந்த பிறகு வலி வந்தாலோ, பயிற்சிக்கும் போகாதீர்கள், கட்டுக்கும் போகாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தோளில் போட்டுத் தூக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்று கடல் கடக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. இயந்திரத்தில் சிக்கிய கைகளுக்கு மறுவாழ்வு தருவதில் பெயர் பெற்ற கை அறுவைப் பிரிவு அங்கே உண்டு. கே.கே. நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

மேளா

பாகாயத்தில் ஆண்டுதோறும் ஒரு மேளா நடக்கிறது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்து கூடுகிறார்கள். உடம்பைச் சோதித்துக்கொள்கிறார்கள். பந்தயங்களில் கலந்துகொள்கிறார்கள். பழைய நண்பர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அவர்களில் பலர் மேரியை நேரில் கண்டதில்லை. ஆனால் வேலூர் பஸ் ஏறியபோது, அங்கே தங்களுக்குக் கற்றுத்தர ஆள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1954-ல் மேரிக்கு அந்த வழி இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவர் போனார்.